போனை வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்: இணைய மோசடி ஏன் பலிக்கிறது, எப்படித் தப்பிப்பது

இணைய மோசடியில் யாரோ பணத்தை இழந்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தால், பக்கத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "இதையெல்லாமா நம்புவாங்க?" கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது. ஏமாறுவதற்கென்றே ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள், நான் அதில் சேர்த்தி இல்லை என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. மோசடிக்காரருக்கு இதைவிட வசதியான நினைப்பு வேறு எதுவும் இல்லை.

ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பல வருடங்கள் போன் எடுத்தவள் நான். பணம் போனது தெரிந்ததும் மக்கள் முதலில் பேசுவது எங்களிடம்தான். "மேடம், நான் இதெல்லாம் தெரிஞ்ச ஆளுதான்" என்றுதான் பெரும்பாலும் பேச்சே தொடங்கும். கணக்காளர், ஆசிரியர், மருத்துவர், கணினித் துறையில் இருப்பவர் என்று எல்லோரும் அழைத்திருக்கிறார்கள். தன் அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இணையப் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் ஒருவரும் அழைத்திருக்கிறார். அவர்களில் ஒருவரைக்கூட முட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது. நடந்ததை வரிசையாகக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உலகமே அறிந்த உதாரணங்களும் இருக்கின்றன. ட்ராய் ஹன்ட் கணினிப் பாதுகாப்புத் துறையில் பெரிய பெயர். நம் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் புகழ்பெற்ற தளத்தை நடத்துபவர். 2025 மார்ச்சில் அவரே ஒரு போலி மின்னஞ்சலில் மாட்டினார். அவருடைய அஞ்சல் பட்டியலில் புகார் வந்திருப்பதால் அனுப்பும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அந்த மின்னஞ்சல் சொன்னது. நீண்ட பயணக் களைப்பில் இருந்தவர் லிங்க்கைத் தொட்டு, பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டார். ஏதோ தப்பு என்று உணர்ந்து உண்மையான தளத்துக்குப் போவதற்குள் அந்தப் பட்டியலில் இருந்த ஏறக்குறைய 16,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் போய்விட்டன. நடந்ததை மறைக்காமல் உடனே எழுதினார் அவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அதைப் படித்தபோதுதான். மோசடிக் கும்பல்களை அம்பலப்படுத்தியே பெயர் வாங்கிய ஜிம் பிரவுனிங் என்பவருக்கும் 2021-இல் இதே கதி. யூடியூபின் உதவிப் பிரிவு போல நடித்தவர்களின் பேச்சைக் கேட்டுத் தன் சேனலைத் தானே அழித்துவிட்டார்.

நிறுவனங்களும் தப்பவில்லை. 2013-க்கும் 2015-க்கும் இடையில் லித்துவேனியாவைச் சேர்ந்த ஒருவர், சாதனங்கள் சப்ளை செய்யும் கம்பெனியின் பெயரில் போலி பில்களை அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். அந்த இரண்டு இடங்களிலும் அறிவுக்கா பஞ்சம்?

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது

பதறாத காரியம் சிதறாது என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. மோசடிக்காரரின் தொழில் முழுவதும் அதைத் தலைகீழாகச் செய்வதுதான். முதலில் பதற வைக்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பயம், ஆசை, கோபம், வலி போன்றவை உச்சத்தில் இருக்கும்போது நாம் எடுக்கும் முடிவுகள், அமைதியாக இருக்கும்போது எடுக்கும் முடிவுகளோடு ஒத்துப்போவதில்லை. அதைவிட முக்கியமான விஷயம், அமைதியாக இருக்கும்போது அந்த நிலையில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்று நம்மால் சரியாகக் கணிக்கவும் முடிவதில்லை. "நானா இருந்தா அப்பவே போனை வச்சிருப்பேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதற்றத்துக்குள் இருக்கும் தன்னை அவர் இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்ட கதைகள் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும், உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றேதான். முதலில் அதிகாரம்: வங்கி, போலீஸ், வரித்துறை, கூரியர், உங்கள் முதலாளி. அடுத்து ஒரு பெரிய இழப்பு வரப்போகிறது என்ற செய்தி: கணக்கு முடங்கும், வழக்கு வரும், உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. அப்புறம் கெடு: இன்னும் அரை மணி நேரம்தான். அதோடு ஒரு தடை: யாரிடமும் சொல்லக் கூடாது, விசாரணை கெட்டுவிடும். கடைசியாக, லைனை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் மொத்த மோசடியும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னாலே, சொல்லி முடிப்பதற்குள் பாதி சந்தேகம் நமக்கே வந்துவிடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்று, எடுத்த எடுப்பிலேயே பெரிதாகக் கேட்பதில்லை. பெயரைச் சரிபார்க்கச் சொல்வார்கள். பிறந்த தேதியை அவர்களே சொல்லி, "சரிதானே?" என்பார்கள். எங்கோ கசிந்த பட்டியலில் இருந்து எடுத்த தகவல் அது. ஆனால் நமக்கு, "இவ்வளவு தெரிஞ்சவர் பேங்க்காரராகத்தான் இருக்கணும்" என்று தோன்றிவிடும். அதற்கடுத்து ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அப்புறம் ஒரு எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பத்தாவது படியில் நிற்கும்போது முதல் படியைத் திரும்பிப் பார்க்க மனம் வராது, ஏனென்றால் அதுவும் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

தற்செயலும் அவர்களுக்கு உதவுகிறது. உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கும் நாளில் 'உங்கள் பார்சல் முகவரி தவறு' என்று செய்தி வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? நாம் பார்சலுக்குக் காத்திருப்பது தெரிந்து மோசடிக்காரர் அனுப்பியது இல்லை அது. லட்சக்கணக்கானவர்களுக்கு அதே செய்தி போகும்போது, அன்று பார்சலுக்குக் காத்திருப்பவர்கள் சில ஆயிரம் பேராவது அதில் இருப்பார்கள்.

சில மோசடிகள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்றும் கேட்பார்கள். அதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கோர்மாக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். செய்தி அனுப்புவதற்குச் செலவே இல்லை. பதில் போட்டவரோடு நாள் கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் விழித்துக்கொள்ளக் கூடியவர்கள் பதில் போட்டால் நஷ்டம். அதனால் அவர்களை முதலிலேயே விலக்கிவிட அபத்தமான கதை உதவுகிறது. ஆக, உங்களுக்குச் சிரிப்பு வந்த மின்னஞ்சல் உங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. உங்களுக்காக எழுதப்பட்டது வேறு ஒன்று, அதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

மெதுவாக வரும் மோசடி

எல்லாமே அரை மணி நேர மிரட்டல் இல்லை. மாதக்கணக்கில் பழகி ஏமாற்றும் வகையும் இருக்கிறது, அதில் இழப்பு இன்னும் பெரியது. தப்பான எண்ணுக்கு வந்தது போல ஒரு செய்தி வரும். மன்னிப்புக் கேட்பார்கள், பேச்சு நீளும். தினமும் காலையில் விசாரிப்பார்கள். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். பல வாரம் கழித்துப் பேச்சுவாக்கில் க்ரிப்டோவில் தனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்வார்கள். நீங்கள்தான் "எப்படி?" என்று கேட்பீர்கள். சிறிய தொகையைப் போட்டால் வளரும், எடுத்தால் கைக்கு வரும். அந்தச் சிறிய தொகை வருவதுதான் முடிச்சு. வந்த பிறகு எந்த எச்சரிக்கையும் காதில் ஏறாது, "நானே எடுத்துப் பார்த்தேனே" என்பார்கள். பெரிய தொகையைப் போட்டுவிட்டு எடுக்கப் போகும்போதுதான் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று அடுத்த கதை ஆரம்பிக்கும்.

இது புதிய உத்தி இல்லை. 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். ஆரம்பத்தில் வந்தவர்களுக்குச் சொன்னபடி கொடுக்கவும் செய்தார். அது பின்னால் வந்தவர்களின் பணம். லாபம் கைக்கு வந்தவர்களே அவருக்காக வாய் வார்த்தையாக விளம்பரம் செய்தார்கள்.

அந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்பவரும் எப்போதும் வில்லன் என்று நினைக்க வேண்டாம். நல்ல வேலை என்று நம்பிப் போய் அடைபட்டு, அடி உதைக்குப் பயந்து இதைச் செய்பவர்கள் ஏராளம். 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்றது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தனிமையில் இருக்கும் ஒருவர், எதிரே ஒரு மனிதர் இருப்பதாக நினைத்துப் பேசுகிறார். எதிரே இருப்பதோ ஷிஃப்ட் முறையில் இயங்கும் ஒரு தொழிற்சாலை. ஒரே 'நண்பராக' பலர் மாறி மாறி, எழுதி வைத்த வசனங்களைப் பார்த்துப் பேசுவார்கள்.

இந்த வகைக்கு என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. நேரில் பார்க்காத ஒருவர் மூலமாகத் தெரியவந்த எந்த முதலீட்டுத் தளத்திலும் பணம் போடாதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிக்கவே வேண்டாம். பழக்கம் பழக்கமாக இருக்கட்டும், பணம் அந்த வழியில் போகக் கூடாது.

போலியைக் கண்டுபிடிக்கும் போட்டியில் இறங்காதீர்கள்

எழுத்துப்பிழையைப் பாருங்கள், பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள், எண்ணைப் பாருங்கள் என்றுதான் பெரும்பாலான அறிவுரைகள் சொல்கின்றன. நானும் ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்த தாளை வைத்துப் படித்தேன். இன்று அவை ஒன்றும் தாங்காது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு பிழையில்லாத மொழியில் எழுதுவது யாருக்கும் எளிது. பூட்டுப் படம், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தத் தளமே திருடருடையதா என்பதைச் சொல்லாது. போனில் தெரியும் எண்ணையும் பெயரையும் போலியாகக் காட்ட முடியும், வங்கியின் உண்மையான எண்ணே திரையில் தெரியலாம். போலி குறுஞ்செய்தி, வங்கியிடமிருந்து முன்பு வந்த உண்மையான செய்திகளுக்குக் கீழேயே போய் உட்காரலாம். குரலும் அப்படித்தான், சில நொடி ஒலிப்பதிவு இருந்தால் உங்கள் மகனின் குரலில் பேச வைக்கலாம்.

வீடியோவில் முகத்தைப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 தொடக்கத்தில் அரூப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று நிதித் தலைவர் பெயரில் செய்தி வந்தது. அவர் சந்தேகப்பட்டார். அதாவது, செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார். பிறகு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். நிதித் தலைவரும் தெரிந்த சக ஊழியர்களும் இருப்பதைப் பார்த்துச் சந்தேகம் போய்விட்டது. அவரைத் தவிர அங்கே இருந்தவர்கள் எல்லோரும் டீப்ஃபேக், அதாவது கணினியால் செய்த போலி முகமும் குரலும். 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது.

முகவரியைப் படிக்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். உங்கள் வங்கியின் முகவரி நம்வங்கி.காம் என்று வைத்துக்கொள்வோம். நம்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட் என்று வந்தால் அது வங்கியுடையது இல்லை, சரிபார்ப்பு.நெட் என்ற பெயரை வாங்கியவருடையது. தொடக்கத்தில் வரும் https:// போக, அடுத்து வரும் முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் துண்டுகள்தான் பெரும்பாலும் சொந்தக்காரரைச் சொல்லும். ஆனால் இதுவும் முழுக் காப்பு ஆகாது. ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகள் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே கண்ணுக்குத் தெரியும். 2017-இல் ஒரு ஆய்வாளர் அவற்றை வைத்து, ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி மாதிரியே தோன்றும் ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். சிறிய போன் திரையில், அவசரத்தில், இதையெல்லாம் யார் பார்ப்பது?

நீங்களே தொடங்குங்கள்

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே ஒரு பழக்கம். வந்தது உண்மையா பொய்யா என்று ஆராயாதீர்கள். வந்த வழியை மூடிவிட்டு, உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த வழியில் நீங்களே போய்ப் பாருங்கள்.

வங்கியிலிருந்து அழைப்பா? "சரி, நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். அழைத்தவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். தேடிக் கண்டுபிடிக்கும் எண்ணும் ஆபத்துதான், கஸ்டமர் கேர் என்று தேடினால் மேலே வரும் விளம்பரத்தில் போலி எண் இருக்கலாம். பார்சல் செய்தியா? லிங்க்கைத் தொடாமல், வாங்கிய ஆப்பைத் திறந்து ஆர்டரைப் பாருங்கள். கணக்கு முடங்கும் என்ற மின்னஞ்சலா? முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். உண்மையாக இருந்தால் அங்கேயும் அந்தச் செய்தி இருக்கும். சப்ளையர் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டதாகச் சொல்கிறாரா? பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். மகன் புது எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்கிறானா? பழைய எண்ணுக்கு அழையுங்கள், எடுக்கவில்லை என்றால் அவன் கூட இருப்பவர்களை அழையுங்கள்.

உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபப்பட மாட்டார். நாங்கள் வாடிக்கையாளரை அழைக்கும்போது யாராவது "நானே திருப்பிக் கூப்பிடுறேன்" என்று சொன்னால் எங்களுக்கு நிம்மதியாக இருக்கும். கோபம், கெஞ்சல், மிரட்டல், "வச்சீங்கன்னா பணம் போயிடும்" என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் விடை கிடைத்துவிட்டது.

போனை வைப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நல்ல முறையில் வளர்ந்தவர்களுக்கு எதிராளி பேசும்போது பாதியில் வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எனவே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "போனில் பணம் பற்றி நான் பேசுவதில்லை, நேரில் வருகிறேன்." சொல்லிவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிடுங்கள். வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் புதிதாக யோசிக்க வராது, பழகியது மட்டும்தான் வரும்.

இதோடு, எந்தக் கதையிலும் விதிவிலக்கு இல்லாத சில உண்மைகளும் உண்டு. பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணைப் போடத் தேவையில்லை, போடச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது. ஓடிபி கேட்கும் ஊழியர் கிடையாது. உங்கள் பணத்தைக் காப்பாற்ற 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றச் சொல்லும் வங்கியோ போலீஸோ கிடையாது. வீடியோ அழைப்பில் கைது என்று ஒன்று கிடையாது. அரசுக்குக் கட்ட வேண்டிய எதையும் கிஃப்ட் கார்டில் கட்ட முடியாது. கணினித் திரையில் திடீரென்று வைரஸ் எச்சரிக்கை வந்து அதில் போன் எண்ணும் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டே தன் எச்சரிக்கைகளில் போன் எண் இருக்காது என்று சொல்லியிருக்கிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை, தூரத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் திரையைப் பார்த்து இயக்க உதவும் நல்ல கருவிகள்தான். ஆனால் தானாக உங்களை அழைத்த ஒருவர் அவற்றை இறக்கச் சொன்னால், உங்கள் போனை அவர் கையில் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

அமைதியாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பதற்றத்தில் நம் அறிவை நம்ப முடியாது என்றால், முன்கூட்டியே சில தடுப்புகளைப் போட்டு வைக்க வேண்டும்.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை நினைவில் வைப்பது அதன் சிறிய பயன். பெரிய பயன் வேறு: உண்மையான முகவரியில் மட்டும்தான் அது தானாக நிரப்பும். ட்ராய் ஹன்ட் விஷயத்திலும் அவருடைய பாஸ்வேர்டு மேனேஜர் நிரப்பவில்லை. களைப்பில் அதைப் பொருட்படுத்தாமல் அவரே எடுத்துப் போட்டுவிட்டார். வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தின் பூட்டைத் திறந்தே உள்ளே போக உதவும் பாஸ்கீ வசதி இருக்கும் கணக்குகளில் அதற்கு மாறிவிடுங்கள். அது அந்தத் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. ஓடிபி அப்படி இல்லை, போலித் தளத்தில் நீங்கள் தட்டச்சு செய்த நொடியே அவர்கள் அதை உண்மைத் தளத்தில் போட்டுவிடுவார்கள். முதலில் மின்னஞ்சல் கணக்கை பத்திரப்படுத்துங்கள், மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டை அதன் வழியாகவே மாற்றிவிட முடியும்.

வங்கிக் கணக்கில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வையுங்கள். தேவைப்படும் நாளில் உயர்த்திக்கொள்ளலாம். சேமிப்பை, அன்றாடம் போனில் பயன்படுத்தும் கணக்கில் வைக்காதீர்கள். இந்த இரண்டையும் செய்திருந்தவர்கள் இழந்த தொகைக்கும் செய்யாதவர்கள் இழந்த தொகைக்கும் இருந்த வித்தியாசத்தை நான் தினமும் பார்த்தேன். மற்ற எந்த அறிவுரையையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் முழுவதும் ஏமாந்துவிட்ட பிறகும் இது வேலை செய்யும்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று யார் குரலில் அழைப்பு வந்தாலும் அதைக் கேட்கலாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்போது மாட்டிக்கொண்டிருந்தால்

இதுதான் கடினமான இடம். அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் போன் பேசுகிறார். அக்கா, நேரில் பார்க்காத ஒருவர் சொன்ன தளத்தில் மறுபடியும் பணம் போடுகிறார். "இது ஏமாத்து வேலை, உனக்குப் புரியலையா?" என்று கத்தினால் என்ன நடக்கும்? வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அந்தப் பக்கத்து ஆள் முன்பே சொல்லி வைத்திருப்பார். நீங்கள் கத்தியதும் அவர் சொன்னது பலித்துவிட்டது, அவர்மேல் நம்பிக்கை கூடிவிட்டது.

கேள்வி கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எப்படிப்பா ஆரம்பிச்சது? முதல்ல என்ன சொன்னாங்க?" என்று கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். தன் வாயாலேயே வரிசையாகச் சொல்லும்போது ஓட்டைகள் அவருக்கே தெரியத் தொடங்கும். பிறகு, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பேங்க்குக்குப் போய் கேட்டுட்டு வந்துடலாம், உண்மைன்னா அப்பவே கட்டிடலாம்" என்று சொல்லுங்கள். நோக்கம் ஒரு நாளைத் தள்ளிப்போடுவதுதான். முதலீட்டு மோசடி என்றால், போட்டதில் பெரும்பகுதியை இப்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுப்பதற்குப் பணம் கட்டச் சொன்னால் அதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை வங்கிக்கு அழைப்பது. குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதெல்லாம் அப்புறம். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தாவிக்கொண்டே இருக்கும், எங்காவது ஒரு இடத்தில் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் திரும்பும். வெட்கத்தால் மறுநாள் காலைவரை காத்திருந்தவர்களிடம் பேசுவதுதான் என் வேலையிலேயே மிகவும் வலித்த பகுதி. அழைக்கும்போது கதையை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. "மோசடியில் பணம் போய்விட்டது, நிறுத்துங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நேரம், தொகை, பரிவர்த்தனை எண், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். புகார் எண்ணையும் பேசியவரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் ஏதாவது இறக்கியிருந்தால் அந்தப் போனின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு ஒரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற சாதனங்களில் உள்ள எல்லா உள்நுழைவையும் வெளியேற்றுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போலீஸ் புகாருக்கு அவைதான் ஆதாரம்.

அடுத்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரும் என்று எதிர்பாருங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், நாங்கள் வழக்கறிஞர், புலனாய்வு நிறுவனம் என்பார்கள். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது என்று சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள், பல சமயம் அழைப்பது அதே கும்பல்தான். மீட்பதற்கு முன்கூட்டியே கட்டணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் புகாரைப் பதிவு செய்த இடத்துக்கு நீங்களே அழைத்து, எழுதி வைத்த புகார் எண்ணைச் சொல்லி, இப்படி ஒருவர் பேசினார் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.